வாலிபர் கூட்டத்தில் வேலையைப் பற்றிப் பேச இடமுண்டா?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் வரையிலும் நீளும் தொழிற்பேட்டைகள் தமிழகத்தின் இளம் உழைப்பைப் பெருமளவில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. 1998-ல் ஹூண்டாய் இங்கே கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா, 2007-ல் சாம்சங், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் என்று வரிசை நீண்டு, இன்று ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து ஐபோன்கள் உலகச் சந்தைக்குப் போகின்றன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் இந்தத் தொழிலாளர்களில் கிறிஸ்தவ இளைஞர்களும் உண்டு. அவர்களைத் தேடிச் சபைகளும் வருகின்றன. கடைகளுக்கு மேலுள்ள மாடிகளில், கல்யாண மண்டபங்களில், பழைய ஆலயங்களின் வளாகங்களில் வாலிபர் கூட்டங்கள் நடக்கின்றன. டிரம்ஸ், கீபோர்டு, எல்.இ.டி. திரை, விளையாட்டு, சிற்றுண்டி, ரீல்ஸுக்குத் தோதான வெளிச்சம் எல்லாம் அங்கே இருக்கின்றன. நடுவில் சாட்சி நேரம்: வேலை நிரந்தரமானது, பைக் வாங்கியது, வெளிநாட்டு விசா கிடைத்தது. இந்தக் கூட்டங்களைப் பற்றிய வழக்கமான புகார், சத்தமும் ஆடம்பரமும் பக்தியைக் கெடுத்துவிட்டன என்பது. அந்தப் புகார் பிரச்சினையின் தோலைத்தான் தொடுகிறது. அங்கே வரும் இளைஞரின் வாரத்தில் ஆறு நாள்களை விழுங்கும் வேலையைப் பற்றிக் கேட்க இந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் இடமில்லை. கேளிக்கையும் பொருளாசையும் அந்த வெற்றிடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் கேளிக்கையின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பாட்டும் கூத்தும் சபைக்குள் புதிதாகப் புகுந்தவை என்று பேசுவோர் தமிழ்க் கிறிஸ்தவத்தின் சொந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியபோது, மக்கள் ஆடிப் பாடி ரசித்த ஒரு நாடக வடிவத்தைத்தான் கையில் எடுத்தார். கீர்த்தனைகளும் கதாகாலட்சேபமும் ஊரின் ரசனையை மதித்தே வேதத்தைச் சொல்லின. கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. இன்னும் ஒரு படி மேலே போனது. கூடைப்பந்தை 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும், கைப்பந்தை 1895-ல் வில்லியம் மார்கனும் உருவாக்கியது அந்த இயக்கத்தின் பயிற்சிக்கூடங்களில்தான். ஹாரி க்ரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தமிழகப் பள்ளிகளுக்குப் பல தலைமுறை விளையாட்டு ஆசிரியர்களைக் கொடுத்தது. ஆக, இளைஞர்களை மகிழ்விப்பது ஊழியத்துக்கு அந்நியமான காரியம் இல்லை. ஆனால், அந்த இயக்கத்தின் பிறப்பை நினைத்துப் பார்த்தால் இன்றைய குறை துலங்கும். 1844 ஜூன் 6 அன்று லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு அப்போது 22 வயது. அவர் ஒரு துணிக்கடையின் ஊழியர். கிராமத்திலிருந்து பெருநகருக்கு வந்து, முதலாளி கொடுத்த இடத்திலேயே தங்கி, நாள் முழுக்க நின்று வேலை செய்த கடைப்பையன்கள், தங்களுக்காகத் தாங்களே கூடிய ஜெபக்குழு அது. விடுதியில் தங்கி ஷிப்டுக்குப் போகும் ஸ்ரீபெரும்புதூர் இளைஞருக்கு அவர்கள் நெருங்கிய உறவினர்கள். அன்றைய குழுவில் அவர்கள் நடத்துநர்கள். இன்றைய கூட்டத்தில் இவர்கள் பார்வையாளர்கள்.

இந்த மாற்றத்துக்குப் போதகர்களின் பேராசையைக் காரணம் காட்டுவது சுலபம்; பெரும்பாலும் அது அநியாயமும்கூட. தொழிற்பட்டையில் உள்ள சிறு சபைகளின் ஊழியர்கள் பலர் காணிக்கையை நம்பி வாழ்பவர்கள்; சிலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்பவர்கள். அவர்களையும் நெருக்குவது மேடையின் பொருளாதாரம். தொழிற்சாலைகள் வந்ததால் ஏறிய இட வாடகையை அவர்களும் கொடுக்க வேண்டும். ஒலி அமைப்பும் இசைக்கருவிகளும் நேரலைக் கருவிகளும் செலவு கேட்கின்றன. செலவு கூடினால் கூட்டம் கூட வேண்டும். கூட்டம் கூட வேண்டுமானால் பக்கத்துச் சபையைவிட மேடை பளிச்சென்று இருக்க வேண்டும். யூடியூபில் பெருநகரச் சபைகளின் ஆராதனையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வரும் இளைஞர் அதே தரத்தை இங்கேயும் எதிர்பார்க்கிறார். இந்தச் சுழலில் சிக்கிய ஊழியத்துக்கு, வருகிறவரைத் திருப்திப்படுத்தி அனுப்புவதே அன்றாடக் கவலையாகிவிடுகிறது. மனதை உறுத்தும் பேச்சுக்கும், நீளமான உரையாடலுக்கும், ஒருவர் அழுதால் நின்று கேட்பதற்கும் நிகழ்ச்சி நிரலில் நேரம் மிஞ்சுவதில்லை. இப்படி, பொருளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பிரசங்கிக்காத சபையிலும் சந்தையின் தர்க்கம் குடியேறிவிட முடியும். வருகிறவர் வாடிக்கையாளர், ஆராதனை சரக்கு, தலைகளின் எண்ணிக்கை விற்பனை.

சாட்சி நேரத்தில் அந்தத் தர்க்கம் வெளிப்படையாகவே பேசத் தொடங்குகிறது. தொழிற்பட்டையில் வேலை என்பது ஒரே தரத்தது இல்லை. நிரந்தரத் தொழிலாளர், கான்ட்ராக்ட் தொழிலாளர், டிரெயினி, அப்ரெண்டிஸ் என்று ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு நடுவில் ஊதியத்திலும் பாதுகாப்பிலும் பெரிய பள்ளம் உண்டு. யார் நிரந்தரமாவார், யார் ஒப்பந்தக் காலம் முடிந்து வீட்டுக்குப் போவார் என்பதை நிர்வாகத்தின் கொள்கையும் உலகச் சந்தையின் ஆர்டர்களும் தீர்மானிக்கின்றன. மேடையிலோ அது ஆசீர்வாதமாகவும் வாக்குத்தத்தத்தின் நிறைவேற்றமாகவும் மட்டுமே சொல்லப்படுகிறது. கிடைத்த வேலைக்குக் கடவுளுக்கு நன்றி சொல்வதில் தவறே இல்லை. கிடைக்காதவருக்கு அந்தச் சாட்சி என்ன சொல்லாமல் சொல்கிறது என்பதுதான் கேள்வி. உன் ஜெபம் போதவில்லை, உன் விசுவாசம் குறைவு, நீ இன்னும் காணிக்கை விதைக்கவில்லை என்றே அது அவர் காதில் விழும். நோக்கியாவின் கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் வாங்கியபோது, வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. பிறகு ஆர்டர்கள் நின்றன. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியும் நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். பலருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர்களில் எவருடைய விசுவாசக் குறைவும் அந்த ஆலையை மூடவில்லை. செழிப்பை மட்டுமே சாட்சியாக ஏற்கும் ஒரு கூட்டத்துக்கு இந்த எளிய உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போகிறது. வேலை இழந்தவர் அங்கே எழுந்து நின்று பேச முடியாது. பேசாமலே வருவதை நிறுத்திவிடுவார்.

பேச இடமில்லாததன் விலை என்ன என்பதை இந்தப் பகுதி 2021 டிசம்பரில் பார்த்தது. ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பகுதி விடுதி ஒன்றில் உணவு ஒவ்வாமல் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் டிசம்பர் 17 இரவு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நெரிசலான அறைகள், மோசமான கழிப்பறை, சாப்பாடு பற்றியெல்லாம் அவர்கள் சொன்னது பிறகு உறுதிப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. நின்றுபோன உற்பத்தி 2022 ஜனவரி 12 வரை மீண்டும் தொடங்கவில்லை. பின்னர், 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் சுமார் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்துவைத்தது. கட்டடம் ஒரு பெரிய முன்னேற்றம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், வதந்தி நம்பப்பட்டதற்குக் காரணம் கட்டடக் குறை மட்டுமில்லை. தோழிக்கு என்ன ஆயிற்று என்று நம்பிக் கேட்கவும், கேட்டதற்குப் பொறுப்போடு பதில் சொல்லவும் அந்த இளம்பெண்களுக்கு ஆள் இல்லை. நிர்வாகத்தை நம்ப முடியவில்லை, குடும்பம் வெகு தொலைவில், சங்கம் கிடையாது. அறைக்கு அறை ஆள் தெரிந்த, வாராவாரம் கூடுகிற, ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க வேண்டும் என்று போதிக்கிற மத அமைப்புகளுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. பார்வையாளர்களைச் சேர்த்துப் பழகிய அமைப்பால் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆயிரம் பேர் ஒரே திசையில் மேடையைப் பார்த்து நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவரின் பெயர்கூடத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

மேடை ஊழியம் தன் சொந்த நோக்கத்திலாவது வெல்கிறதா என்று பார்த்தால், அதிலும் ஐயமே மிஞ்சுகிறது. அமெரிக்காவில் சிகாகோ அருகே 1975-ல் தொடங்கிய வில்லோ க்ரீக் சபை, மக்களின் ரசனைக்கேற்ப ஆராதனையை வடிவமைப்பதில் உலகுக்கே முன்மாதிரியாக இருந்தது. அந்தச் சபையே தன் உறுப்பினர்களிடம் நடத்திய ஆய்வை 2007-ல் வெளியிட்டது. நிகழ்ச்சிகளில் அதிகம் பங்கேற்பதால் மட்டும் கடவுள் அன்பிலும் பிறர் அன்பிலும் வளர்ச்சி வந்துவிடுவதில்லை என்று அது ஒப்புக்கொண்டது. சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித், மெலிண்டா டென்டனுடன் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட நூல், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பதின்வயதினரின் சமய வாழ்வை ஆராய்ந்தது. அவர்களில் மிகப் பலரின் மனத்தில் இருந்த கடவுள், சிக்கல் வரும்போது கூப்பிட்டால் உதவுபவர், மற்ற நேரத்தில் தொந்தரவு செய்யாதவர், தாங்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று மட்டும் விரும்புபவர். அமெரிக்க ஆய்வுகளைத் தமிழகத் தொழிற்பட்டையின் மேல் அப்படியே பொருத்த முடியாது. வறுமையும் குடும்பக் கட்டமைப்பும் சாதியும் இங்கே வேறு. ஆனால், இங்குள்ள கூட்டங்கள் கடன்வாங்கியிருக்கும் வடிவம் அங்கிருந்து வந்தது. வாங்கிய வடிவத்தின் பலவீனத்தை அதைச் செய்தவர்களே பதிவு செய்திருக்கும்போது, நாம் மட்டும் அதன் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது விவேகமாகாது.

இந்த விமர்சனத்துக்கு மிக வலுவான மறுப்பு ஏழைகளின் பக்கத்திலிருந்து வருகிறது. பல தலைமுறையாக நிலமும் கூலியும் மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், தலித் கிறிஸ்தவர்களும் மீனவர்களும் பழங்குடியினரும், முதன்முறையாக மாதச் சம்பளம் பார்க்கிறார்கள். ஒரு பைக், தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம், ஊரில் ஒரு மெத்தை வீடு என்று அவர்கள் ஆசைப்பட்டால் அதைப் பொருளாசை என்று வசதியானவர்கள் கண்டிப்பது கொடுமையில்லையா? கொடுமைதான். கானாவின் அக்ரோபாங்கில் 2008-லும் 2009-லும் கூடிய லோசான் நற்செய்தி இயக்கத்தின் ஆப்பிரிக்க இறையியலாளர்கள், விசுவாசித்தால் செல்வம் வரும் என்னும் செழிப்பு உபதேசத்தைக் கடுமையாகக் கண்டித்த அதே அறிக்கையில், கொடிய வறுமைக்கு நடுவில் பலருக்குக் கிடைக்கும் ஒரே நம்பிக்கை அதுதான் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொண்டார்கள். எனவே, ஏழைக்கு வறுமையைப் புனிதமாக்கிக் காட்டுவது மாற்று வழியாகாது. மாற்று வழியை இந்த மண்ணின் வரலாறே வைத்திருக்கிறது. இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் ஒடுக்கப்பட்ட மக்களின் பண்ணையடிமை நிலையையும் நிலமின்மையையும் அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையும் அதையொட்டி அந்த மக்களுக்கென வந்த பஞ்சமி நில ஒதுக்கீடும் அந்தக் காலத்தின் விளைவுகள். அந்த மிஷனரிகளும் ஏழைக்குப் பொருள் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஆனால், அதை உரிமையாகவும் எல்லோருக்குமாகவும் கேட்டார்கள். இன்றைய மேடை, பொருளைப் பரிசாகவும் ஒருவருக்கு மட்டுமாகவும் வாக்களிக்கிறது. ஏழையின் ஆசையைச் சிறுமைப்படுத்துவது இதில் எது? நூறு பேருக்கு உரியதை, ஒருவருக்கு மட்டும் விழுந்த அதிர்ஷ்டமாக மாற்றிக் காட்டுவதுதான்.

இன்னொரு மறுப்பு, களைப்பைப் பற்றியது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, அதற்கு மேல் ஓ.டி., போகவர கம்பெனி பஸ் பயணம், வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டு. இப்படி வருகிற பிள்ளையிடம் தொழிலாளர் சட்டம் பேசினால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியது இரண்டு மணி நேரச் சந்தோஷம். அதைச் சபை கொடுக்காவிட்டால் சினிமாவும் இன்ஸ்டாகிராமும் டாஸ்மாக்கும் கொடுக்கும் என்பார்கள். களைப்பு உண்மை. ஆனால், களைப்புக்கு வேதம் சொல்லும் மருந்து ஓய்வு. உபாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணம், எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைவில் வை என்பதுதான். வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப் போலவே இளைப்பாற வேண்டும் என்பது அதன் பொருள். இந்தியத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறையை முதலில் வென்று கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவர்கூட இல்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய, சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோக்கண்டே பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1890 ஜூனில் ஆலை முதலாளிகள் அதை ஏற்றார்கள். தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றிய தொழிற்சாலைகள் திருத்த மசோதா, 12 மணி நேர வேலைநாளுக்கு வழிவிடும் என்ற எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஓய்வு என்பது வேதத்தின் கருப்பொருள், அரசியலின் கருப்பொருள், அந்த இளைஞரின் உடம்பின் கருப்பொருள். அதைப் பற்றி ஒரு வாலிபர் கூட்டத்தால் பேச முடியவில்லை என்றால், அது கொடுக்கும் சந்தோஷம் திங்கட்கிழமை ஷிப்டுக்கு அவரைச் சார்ஜ் ஏற்றி அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு நிறுவனத்தின் பொழுதுபோக்கு அறையே போதும்.

மூன்றாவது மறுப்பு அச்சத்திலிருந்து எழுகிறது. சபை தொழிற்சங்கமாகிவிடக் கூடாது. அரசியலில் தலையிட்டால் மதமாற்றக் குற்றச்சாட்டும் நிர்வாகங்களின் பகையும் வந்து சேரும் என்று போதகர்கள் தயங்குகிறார்கள். சிறுபான்மைச் சமூகத்தின் இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஊதியப் பேச்சுவார்த்தை சங்கத்தின் வேலை என்பதும் சரிதான்; சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்ததே சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டுத்தான். ஆனால், சங்கமாக மாறுவதற்கும் காது கொடுத்துக் கேட்பதற்கும் நடுவில் அகலமான இடம் இருக்கிறது. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குருவானவர் அந்த இடத்தில்தான் நின்றார். உழைத்தே ஓய்ந்த தந்தை 1903-ல் இறந்தபோது, தன் வாழ்வை இளம் தொழிலாளர்களுக்குக் கொடுப்பதாக அவர் உறுதி பூண்டார். 1925-ல் முறையாக உருப்பெற்ற அவருடைய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் பிரசங்கியார் நடுவில் இல்லை. ஆலையில் வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் சிறு வட்டமாக உட்கார்ந்து, தங்கள் வேலையிடத்தில் நடப்பதைப் பார்த்து, வேதத்தின் ஒளியில் சீர்தூக்கி, தங்களால் முடிந்த ஒன்றைச் செய்வார்கள். பார், தீர்மானி, செயல்படு என்ற இந்த முறையைத் திருத்தந்தை 23-ஆம் ஜான் 1961-ல் தன் சுற்றுமடலிலேயே பரிந்துரைத்தார். பின்னர் இந்தியா உட்பட உலகின் பல நாடுகளுக்கு அந்த இயக்கம் பரவியது. இதற்கு மேடையும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். சபைகள் இதற்குத் தயங்குவதற்குச் சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு. கிறிஸ்தவ நிறுவனங்களே பெரிய முதலாளிகள். பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நடத்துகிறவர்கள். ஆலைத் தொழிலாளியைப் பேசவிட்டால், நாளைக்குத் தற்காலிக ஆசிரியரும் செவிலியரும் பேசுவார்கள்.

பேசவிட்டால் என்ன வெளிவரும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வாலிபர் ஊழியத்தில் திருமணத்தைப் போல் அதிகம் பேசப்படும் விஷயம் வேறில்லை. நல்ல வாழ்க்கைத் துணைக்காக ஜெபம், பரிசுத்தமாக வாழ்வது பற்றிய முகாம், காதல் பற்றிய கேள்வி–பதில் என்று ஆண்டு முழுக்க நடக்கிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பொருத்துப் பணிகளுக்கு மணமான பெண்களைத் தவிர்த்து ஆள் எடுக்கப்படுவதாகப் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. உண்மை எதுவாக இருந்தாலும், தாலி கட்டினால் வேலை போகுமோ என்ற பயம் ஒரு பெண்ணின் மனத்தில் இருக்கும்போது, அவளுடைய திருமணத்தைப் பற்றி அதைத் தொடாமல் எப்படி ஜெபிப்பது? இதே கதைதான் கடனிலும். கைப்பேசி இ.எம்.ஐ., ஆன்லைன் கடன் செயலிகள், ஊரில் வீட்டுக்கடன் என்று சம்பளம் வரும் முன்பே கரைகிற வாழ்க்கையில், விதைத்தால் பல மடங்கு அறுப்பாய் என்று சொல்லிக் காணிக்கை வாங்குவது இன்னொரு தவணையைத்தான் சேர்க்கிறது. நாளுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துச் சபையைத் தாங்கிய தாய்மார்களின் மரபு தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு உண்டு. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் தோழர்களும் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தது அந்த மரபின் பலத்தில்தான். அசரியாவுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை, அவர் ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராக இருந்தவர். அந்தப் பிடி அரிசிக் காணிக்கை திருப்பி எதையும் எதிர்பார்க்கவில்லை. பன்மடங்கு இலாபம் காட்டிக் கேட்கும் காணிக்கையை அந்த மரபின் வாரிசு என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. ஷிப்டு அட்டவணையைப் பார்த்துக் கூட்டத்தின் நேரத்தை அமைக்கலாம். ஞாயிறு காலையில் வர முடியாதவர் ஆவிக்குரிய வாழ்வில் பின்தங்கியவர் என்ற எண்ணம் அதோடு போகும். ஆராதனைக்குப் பிறகு எட்டுப் பத்துப் பேராகப் பிரிந்து, இந்த வாரம் வேலையில் என்ன நடந்தது என்று அவர்களே பேச அரை மணி நேரம் ஒதுக்கலாம்; ஒரு வட்டம் இந்தியிலோ ஒடியாவிலோ பேசினால் இன்னும் நல்லது. இ.எஸ்.ஐ. அட்டையை எப்படிப் பயன்படுத்துவது, பி.எஃப். கணக்கை எப்படிச் சரிபார்ப்பது, பாலியல் தொல்லை நேர்ந்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட வேண்டிய உள் புகார்க் குழுவை எப்படி அணுகுவது என்பதைச் சொல்லிக்கொடுக்கச் சபையிலேயே விவரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். வேலை கிடைத்தவர் சாட்சி சொல்லும் மேடையில் வேலை இழந்தவரும் வெட்கமில்லாமல் பேச இடம் கொடுக்கலாம். வாலிபர் ஊழியத்தின் வரவுசெலவை வாலிபர்கள் முன்னிலையிலேயே படிக்கலாம். ஒலி அமைப்புக்கு எவ்வளவு, ஊரில் விபத்தில் படுத்த தொழிலாளியின் வீட்டுக்கு எவ்வளவு என்று தெரிந்தால் விவாதம் தானாக நேரான திசைக்கு வரும். கிதாரும் டிரம்ஸும் இருந்துவிட்டுப் போகட்டும். பாடுகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தால் பாட்டு இன்னும் நன்றாகவே இருக்கும்.

இது கிறிஸ்தவர்களின் உள்வீட்டு விவகாரம் என்று மற்றவர்கள் கடந்துபோக வேண்டியதில்லை. குடும்பத்தையும் ஊரையும் விட்டு வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் ஒரு தலைமுறைக்கு, ஆலைக்கு வெளியே மனிதர்களாகக் கூட இடம் தருகிற அமைப்புகள் மிகக் குறைவு. கோயில் விழாக் குழுவாக இருந்தாலும், பள்ளிவாசல் இளைஞர் அணியாக இருந்தாலும், ரசிகர் மன்றமாக இருந்தாலும் இதே கேள்வி அவற்றுக்கும் உண்டு. இவற்றில் திருச்சபைக்கு மட்டும் கூடுதல் பொறுப்பு ஒன்று இருக்கிறது: அது ஆராதிப்பவர் ஒரு தச்சராக வேலை செய்தவர், அதன் வேதத்தில் யாக்கோபு நிருபம், பிடித்துவைக்கப்பட்ட கூலி கடவுளின் காதில் கூக்குரலிடுவதாகச் சொல்கிறது. அந்தக் கூக்குரலைக் கடவுள் கேட்கிறார் என்று நம்புகிறவர்கள், அதைத் தங்கள் ஒலிபெருக்கியால் அமுக்கக் கூடாது. இனி ஒரு வாலிபர் ஊழியத்தை அளக்க வேண்டுமானால், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கோடு இன்னொரு கணக்கையும் கேட்க வேண்டும்: சென்ற ஆண்டு வேலை இழந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அந்தக் கூட்டத்துக்கு வருகிறார்கள்? அதற்குப் பதில் தெரியாத ஊழியம், தன் பிள்ளைகளை இன்னும் அறிந்துகொள்ளத் தொடங்கவில்லை.